குழலுக்குள் ஒரு வளையம்

ஆட்ரா எந்த முடிவுக்கு வந்தாலும் அதை நோட்டில் எழுதிவைப்பாள். எழுதி முடித்த கையோடு அது சரிதானா என்ற சந்தேகமும் வந்துவிடும். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு டெனீஸின் பட்டறைக்குள் நுழைந்தபோது நோட்டில் இருந்தது இதுதான்: "குழல் தேய்ந்துவிட்டது. புதுக் குழல் வேண்டும். எது என்று டெனீஸிடம் கேட்டு முடிவு செய்யவும்."

ஒஹாயோ மாநிலப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம். அவளுடைய நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டல் மூன்று வாரம் முன்புவரை ஐம்பது கஜத்தில் பத்துக் குண்டுகளையும் உள்ளங்கை அளவுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறடித்தது. கை நடுங்குகிறதா, கண் மங்கிவிட்டதா என்று முதல் வாரம் முழுக்கத் தன்னையே சந்தேகப்பட்டாள். இரண்டாம் வாரம் மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டுப் பார்த்தாள். அப்போதும் சிதறியது. அதன் பிறகுதான் பழியைக் குழல்மேல் போட அவளுக்குத் துணிச்சல் வந்தது.

டெனீஸ் மேசையில் இரண்டு குழல்களை எண்ணெய்த் துணியின்மேல் வைத்திருந்தாள். ஐம்பது வயதுக்காரி. அந்தப் பக்கத்து மூன்று மாவட்டத்துப் போட்டித் துப்பாக்கிகளும் அவள் கைப்பட்டவை.

"இது மாட்டினா போதும். மத்தியானமே போய்ச் சுடலாம். மூணு அங்குலத்துக்குள்ள போடும், எப்பவும் சிக்காது."

"அது?"

"அதைக் கொஞ்சம் தடிமனாவே விட்டுருக்காங்க. நான் அரம் போட்டு, கரி பூசி, எங்க உரசுதுன்னு பாத்துப் பாத்து உன் துப்பாக்கிக்குன்னே உக்கார வைக்கணும். ரெண்டு வாரம் ஆகும். ஒண்ணரை அங்குலம் போடும். ஆனா ஆரம்பத்துல இறுக்கமா இருக்கும். அப்பப்போ சிக்கி உசிர வாங்கும்."

ஆட்ரா இரண்டையும் நோட்டில் இரண்டு பத்தியாக எழுதினாள். முதல் குழலோடு கம்பெனிக்காரர்கள் சுட்டுப் பார்த்த இலக்குத் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. பத்து ஓட்டையும் ஒரே பூவாக இருந்தது.

"இதுலயும் ஒண்ணரை அங்குலம்தானே இருக்கு?"

"அது அவங்க இரும்புப் பிடியில கட்டிவெச்சு சுட்டது. கல்யாண போட்டோ மாதிரி. எல்லா ஜோடியும் அதுல சிரிச்சுட்டுத்தான் இருக்கும்."

ஆட்ரா சிரித்தாள். டெனீஸ் கையை நீட்டினாள்.

"சரி, பழச எடு. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி பழசு எதனால செத்துச்சுன்னு பாக்கணும்."

கழற்றிய குழலை டெனீஸ் சின்ன விளக்கின் எதிரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விரல் நகத்தை வெளிப்புறத்தில் மெல்ல ஓட்டினாள். நகம் பாதி தூரத்தில் நின்றது.

"நீயே பாரு."

உள்ளே வரிவரியாகச் சுழன்று ஓடும் பள்ளங்களின் நடுவே, மோதிரம் போட்டு எடுத்த தடம்போல ஒரு கறுப்பு வளையம் இருந்தது.

"இது தேய்மானம் இல்ல, ஆட்ரா. ஒரு குண்டு உள்ளயே நின்னுருக்கு. நீ அதுக்குப் பின்னாடி அடுத்ததச் சுட்டுருக்க. குழல் உப்பிப்போச்சு. எப்ப நடந்தது?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நோட்டைப் புரட்டினாள். அவள் நோட்டு பொய் சொல்லாது. மூன்று வாரம் முன்பு, வியாழன் மாலைப் போட்டி, பத்து விநாடியில் ஐந்து குண்டு: "மூன்றாவதில் துப்பாக்கி சிக்கியது. கையால் இழுத்துவிட்டுத் தொடர்ந்தேன். ஒரு குண்டு தாளில் இல்லை. என் தவறு."

"சிக்கினா துப்பாக்கியக் கீழ வெச்சுட்டுக் கையைத் தூக்கணும்னு தெரியாதா உனக்கு? வந்து பாத்துட்டு, திருப்பிச் சுட விடுவாங்களே."

"கையைத் தூக்கினா மொத்த வரிசையும் எனக்காகக் காத்துட்டு நிக்கணும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

டெனீஸ் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"குண்டு உள்ள நின்னுச்சுன்னா அந்தத் தோட்டாவுல வெடிமருந்தே விழலைன்னு அர்த்தம். எந்த அச்சுல போட்ட?"

"சுழல் அச்சுலதான்."

"போடறப்ப எங்கயாவது மாட்டுச்சா?"

ஆட்ரா தன் தோட்டாக்களை வீட்டிலேயே அச்சில் போட்டுக்கொள்பவள். ஒவ்வொரு முறை பிடியை இழுக்கும்போதும் அந்த அச்சின் தட்டு ஒரு படி நகரும். ஒரு பித்தளைக் கூட்டில் வெடிமருந்து விழும், இன்னொன்றில் குண்டு உட்காரும். இந்தத் தோட்டாக்களைப் போட்ட மாலை தட்டு ஒருமுறை நகராமல் நின்றது. அவள் அதைக் கையால் தள்ளி, பின்னால் கொண்டுவந்து, மறுபடி இழுத்தாள். அதையும் எழுதியிருந்தாள்: "தட்டு சிக்கியது. சரிசெய்தேன்." 'சரிசெய்தேன்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடுகூடப் போட்டிருந்தாள்.

"கையால தள்ளினியா?"

"ஆமா."

"அப்ப ஒரு கூட்டுக்கு விழாம போச்சு. பக்கத்துக் கூட்டுக்கு ரெண்டு தடவை விழுந்திருக்கலாம்."

மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. இந்தப் போட்டிக்காரர்கள் துள்ளல் குறைவாக இருக்கட்டும் என்று கூட்டில் பாதிக்கும் கீழேதான் மருந்து போடுவார்கள். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே தெரியவும் தெரியாது. சுடும்போது மட்டும் தெரியும். துப்பாக்கி கைக்குள்ளேயே வெடித்துப் பிளக்கும்.

"எத்தனை போட்ட அன்னிக்கு?"

"முந்நூறு. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல கொட்டித் துடைச்சுதான் பெட்டியில அடுக்கினேன். இருநூறு நான் சுட்டுட்டேன்."

"மீதி நூறு?"

ஆட்ரா பட்டறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி ஐந்து நிமிடம்.

"வேட்கிட்ட."

வேட் அவள் அண்ணன். தோட்டா போடச் சோம்பல்பட்டுப் புதன்கிழமை அவளிடம் ஒரு பெட்டி வாங்கிப்போனவன். "என் தங்கச்சி விதைப் பரிசோதனைக் கூடத்துல நூறு விதையை நாலு தரம் எண்றவ. அவ போட்ட தோட்டான்னா கண்ணை மூடிட்டுச் சுடலாம்" என்று துப்பாக்கிக் கழகம் முழுக்கப் பெருமையடிப்பவன். இன்று அவன் இருபத்தைந்து மைல் தள்ளி கழக மைதானத்தில் சுட்டுக்கொண்டிருக்கிறான். காலையில் முதலில் சின்னத் துப்பாக்கி. பத்தரைக்கு இந்தத் தோட்டா போடும் பெரியது தொடங்கும்.

போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. சுடப்போகும்போது எல்லாரும் போனைக் காரிலேயே விட்டுவிடுவார்கள். அவளும் அப்படித்தான் செய்வாள்.

"நீ கிளம்பு. நான் கழகத்து நம்பருக்கு அடிச்சுட்டே இருக்கேன்," என்றாள் டெனீஸ். "வேகமா ஓட்டு. ஆனா போய்ச் சேரணும், ஞாபகம் வெச்சுக்க."

இரண்டு பக்கமும் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. ஆட்ரா ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டாள். இருநூறு போய் நூறு மீதி என்றால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டு மடங்கு விழவே இல்லை என்றும் இருக்கலாம். அப்படியானால் இன்னும் குறைவு. கணக்குச் சரிதான், அது ஆறுதல்தான் தரவில்லை. வேட் துப்பாக்கியை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிப்பான், முகம் அதற்கு நேர் பின்னால் இருக்கும். அவன் மகளுக்கு இரண்டு வயது. அவன் மீசையைப் பிடித்து இழுப்பதுதான் அவளுக்கு விளையாட்டு. அந்த மீசைக்கு மேலே இருக்கும் கண்ணை நினைத்தபோது ஆட்ராவின் கால் தானாகவே அழுத்தியது.

மேட்டின் மறுபக்கம் கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் சமயத்தாரின் குதிரை வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதிரே வருவது தெரியாத வளைவு. வண்டிக்குப் பின்னால் நடை வேகத்தில் போனாள். குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒரு குண்டு என்று மனசு எண்ணிற்று. வேண்டாம் என்று சொன்னாலும் எண்ணிற்று.

மைதானத்தின் சரளைப் பாதையில் இறங்கும்போதே வெடிச்சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, அவசரமில்லாமல் கேட்டது. நிதானச் சுற்று, பத்து நிமிடத்தில் பத்துக் குண்டு. சிவப்புக் கொடி ஏறியிருந்தது. மணி பத்து ஐம்பது. அப்படியென்றால் இது இரண்டாவது பத்து. வேட் குறைந்தது பத்துச் சுட்டுவிட்டான். ஏதாவது ஆகியிருந்தால் சத்தம் நின்றிருக்கும். அது நிற்காமல் கேட்பதுதான் இப்போதைக்கு நல்ல செய்தி.

காதுறையை மாட்டக்கூட மறந்து ஓடினாள். ஆளில்லாத கழகக் கூடத்துக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சுடும் வரிசைக்குப் பின்னால் தரையில் மஞ்சள் கோடு இருந்தது. அதைத் தாண்டக்கூடாது. இருபது முதுகுகள் வரிசையாக நின்றன. ஏழாவது மேசையில் வேட். களப் பொறுப்பாளர் ராய்ஸின் சட்டையைப் பிடித்தாள்.

"ராய்ஸ், அண்ணன்கிட்ட ஒரு நிமிஷம்..."

"ஷ்ஷ்! சுட்டுட்டு இருக்காங்கம்மா. இன்னும் நாலு நிமிஷம். அப்புறம் பேசலாம்."

"இல்ல, அவன் தோட்டா..."

"நாலே நிமிஷம்."

வேட் கையை உயர்த்தினான். துப்பாக்கி மெல்ல இறங்கி இலக்கில் நின்றது.

ஆபத்தைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் வரிசையை நிறுத்தலாம் என்பது எல்லா மைதானத்துக்கும் உள்ள சட்டம். ஆட்ராவுக்கு அது மனப்பாடம். ஆனால் இவ்வளவு ஆண்டுகளில் அவள் அங்கே இருமியதுகூட இல்லை.

"நிறுத்துங்க! யாரும் சுடாதீங்க! நிறுத்துங்க!"

தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. ஒரு துப்பாக்கி வெடித்தது. எவனோ விசையைப் பாதி அழுத்தியிருந்தவன். அது மூன்றாவது மேசையிலிருந்து வந்தது. பிறகு வரிசை அடங்கியது. ராய்ஸ் ஒலிபெருக்கியில் உத்தரவு போட, இருபது துப்பாக்கிகளும் வாய் திறந்தபடி மேசையில் உட்கார்ந்தன.

"அடப் போம்மா! ஒன்பது தடவை பத்து எடுத்திருந்தேன். ஒன்பது! பத்தாவது காத்துல போச்சு!" என்று கத்தினார் மூன்றாவது மேசை மெல்வின்.

வேட் திரும்பிச் சிரித்தான். "என்னடி, வெச்ச விதை முளைச்சுடுச்சா?"

"எத்தனை சுட்ட?"

"பதிமூணு. ஏன்?"

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. மேசையில் கிடந்த தன் துப்பாக்கியிலிருந்து ஒரு அடி விலகி நின்றான்.

அப்புறம் யாரும் அவளைத் திட்டவில்லை. கழகக் கூடத்து மேசைக்குத் தராசு வந்தது. தோட்டாவை வெளியிலிருந்து எடைபோட்டுப் பயனில்லை, கூட்டுக்குக் கூடு எடை மாறும். ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கான பிளாஸ்டிக் சுத்தியலைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து வந்தவர் மெல்வின்தான்.

"குடு, நானே அடிக்கிறேன். நீ எடை போடு."

சுத்தியலின் தலைக்குள் தோட்டாவைப் பூட்டித் தரையில் அடித்தால் குண்டும் மருந்தும் தனியாக உதிரும். முதலில் வேட்டின் துப்பாக்கியிலிருந்து எடுத்த இரண்டு. சரியாக இருந்தன. பிறகு பெட்டியிலிருந்த எண்பத்தைந்து. மெல்வின் அடிக்க, ஆட்ரா தராசில் கொட்டி நோட்டில் எழுதினாள். இருபது. சரி. முப்பது. சரி. நாற்பதில் யாரோ "ஒண்ணும் இருக்காது போல" என்றார்கள். அவளுக்கும் அது ஆசைதான். கூடவே, ஒன்றும் இல்லாவிட்டால் இத்தனை பேரை நிறுத்தியது வீண்தானே என்ற வெட்கமும் எட்டிப் பார்த்தது. அந்த வெட்கத்தை நினைத்து அவளுக்கு இன்னொரு பயம் வந்தது.

ஐம்பத்திரண்டாவதை மெல்வின் மூன்று தரம் அடித்தார். கொட்டியபோது தட்டில் விழுந்த குவியல் வேறாக இருந்தது. தராசு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காட்டியது. ஆட்ரா தட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே எண் வந்தது.

வேட் அந்தப் பித்தளைக் கூட்டை எடுத்து ஒளியில் பிடித்துப் பார்த்தான்.

"பெட்டியில மூணாவது வரிசை," என்றான். "சாப்பாட்டுக்கு முன்னாடி சுட்டுருப்பேன்." கூட்டைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத," என்றான்.

மீதி முப்பத்தைந்தையும் பிரிக்காமல் ஆட்ரா எழுந்திருக்கவில்லை.

திங்களன்று டெனீஸ் மறுபடி இரண்டு குழல்களையும் துணியின்மேல் வைத்தாள்.

"எது?"

"ரெண்டு வாரம் ஆகும்னு சொன்னீங்களே, அது."

"அது சிக்கும்னும் சொன்னேன்."

"சொன்னீங்க. அந்த ரெண்டு வாரம் நான் துப்பாக்கியைத் தொடாம இருக்கணும், டெனீஸ். இப்ப கையில எடுத்தாலே அந்தக் குவியல்தான் கண்ணுல நிக்குது."

டெனீஸ் முதல் குழலைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு அரத்தை எடுத்தாள்.

மூன்றாம் வாரம் வியாழன் மாலை. ஆட்ரா தோட்டாக்களை ஒற்றை அச்சில் போட்டிருந்தாள், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்து. புதுக் குழல் நிதானச் சுற்றில் பத்துக் குண்டையும் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடக்கிக் காட்டியது. மெல்வின் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "இதை என்கிட்ட காட்டாம இருந்திருக்கலாம் நீ" என்றார்.

அடுத்து விரைவுச் சுற்று. பத்து விநாடி, ஐந்து குண்டு. இலக்குகள் திரும்பின. ஒன்று. இரண்டு. இரண்டாவதில் துப்பாக்கி முழுதாக மூடாமல் நின்றது. டெனீஸ் சொன்ன இறுக்கமாகத்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அதுதான். பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும். மீதி மூன்றையும் சுட இன்னும் ஆறு விநாடி இருந்தது. இரண்டு பக்கமும் வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெறும் இறுக்கமா, இன்னொரு வளையத்துக்குக் காத்திருக்கும் குண்டா என்று வெளியிலிருந்து தெரிய வழியில்லை.

ஆட்ரா துப்பாக்கியின் வாயை இலக்குகளுக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுப் பக்கம் பார்த்தபடி மேசையில் வைத்தாள். இடது கையைத் தூக்கினாள்.

விநாடிகள் முடிந்தன. வரிசை ஓய்ந்தது. இருபது தலைகள் திரும்பின. ராய்ஸ் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு அவசரமே கிடையாது. தூக்கிய கையை எல்லாரும் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் வந்து சேரும்வரை அவள் அதை இறக்கவில்லை.