நூறாவது மீட்டரில் ஒரு விரல்

இசோபே குனிஹிகோ முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவர். அவர் பிரேக் போட்டால் ரயில் நின்றது பயணிகளுக்கே தெரியாது. கதவு திறந்து குளிர்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் ஊர் வந்துவிட்டதென்று எழுந்திருப்பார்கள். ஒருமுறை ஜன்னலோரத் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் தகாசாகி நிலையத்தில் உட்கார்ந்த குளவி ஒன்று, பதினோரு நிலையங்கள் தாண்டி மலைமேல் கடைசி நிலையம் வரை கால் நனையாமல் வந்து இறங்கிப் போனதாகப் பணிமனையில் இன்றும் சொல்வார்கள். அந்தக் குளவியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதைப் பற்றிச் சொல்லாதவரும் ஒருவரும் இல்லை.

அப்பேர்ப்பட்டவரின் கார்தான் ஒரே வருடத்தில் இரண்டு முறை மணலில் மூக்கைப் புதைத்தது.

கார் அவரைவிடப் பதினைந்து வயது இளையது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. வெயிலில் வெளுத்துச் சுருங்கிய அதன் சிவப்பைப் பார்த்ததும் மனைவி ஹருயே அதற்கு ‘உமேபோஷி’ என்று பெயர் வைத்துவிட்டாள். அவள் போடும் உமேபோஷி ஊறுகாயும் அதே நிறம்தான். ஆனால் ஊறுகாய் இப்படி எண்ணெய் ஒழுகாது என்று கூடவே ஒரு குத்தலும் வைத்தாள். ஓய்வு பெற்ற மறுவாரமே இதை ஏன் வாங்க வேண்டும் என்று அவள் கேட்டபோது இசோபே ஒரே பதில்தான் சொன்னார்.

“ரயில்ல ஸ்டீயரிங் கிடையாது ஹருயே. முப்பத்தெட்டு வருஷமா அது போற பக்கம் நான் போனேன். ஒரு தடவையாவது நான் போற பக்கம் வண்டி வரட்டுமே.”



அகாகி மலையடிவாரத்தில் ஒரு பந்தயத் தடம் உண்டு. மாதத்தின் மூன்றாவது ஞாயிறு அங்கே பழைய கார்களின் நாள். பந்தயம் எல்லாம் இல்லை, அவரவர் ஆசை தீர ஓட்டிக்கொள்ளலாம். அந்த நாளைக் கட்டி மேய்ப்பவர் முராய் அம்மா. நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். கழுத்தில் தொங்கும் விசிலை அவர் ஊதினால் பக்கத்து ஊர் வாத்துகள்கூடக் கரையேறிவிடும். இசோபேயின் கார் இரண்டாவது முறை மணலில் இறங்கியபோது அவர் விசில் ஊதவில்லை. மெதுவாக நடந்து வந்து, குனிந்து, இதமாகச் சொன்னார்: “இசோபே சார், மூணாவது தடவையும் இறங்கினா நீங்க வேடிக்கை பார்க்க மட்டும்தான் வரணும். எல்லாருக்கும் ஒரே சட்டம்.” விசிலே தேவலாம் போலிருந்தது அவருக்கு.

இரண்டு முறையும் ஒரே இடம்தான். நீண்ட நேர்ப்பாதை முடிந்து வலப்பக்கம் திரும்பும் முதல் வளைவு. தடம் தவறும் கார்களைப் பிடித்து நிறுத்த அதன் வெளிப்புறம் மணல் கொட்டியிருப்பார்கள். அதற்கு முன் நூற்றைம்பது, நூறு, ஐம்பது மீட்டர் என்று இடப்பக்கம் மூன்று பலகைகள் நிற்கும். அந்தத் தடத்தில் பலகை வைத்திருப்பது அந்த ஒரு வளைவுக்கு மட்டும்தான். நூறில் பிரேக்கை மிதித்ததும் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், புல் கண்ட மாடு மாதிரி.

பிரேக் என்றால் நாகுமோ. ரயில் பணிமனையில் பிரேக் பிரிவிலேயே தலை நரைத்து, இப்போது ஆற்றங்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பழைய கார்களைப் பிரித்து மேய்கிறவர். பேச்சில் மட்டும் கொஞ்சம் முள் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன் ஓட்டுநர் பயிற்சிக்கு வந்த நாகுமோவைத் தேர்வில் பெயிலாக்கி அனுப்பியவர் இசோபேதான்.

பெயிலாக்கிய காரணம் ஒரு விரல். அந்த நாட்டு ரயில்காரர்கள் எதையும் கண்ணால் மட்டும் பார்க்க மாட்டார்கள். சிக்னலைக் கண்டால் வெள்ளைக் கையுறை போட்ட கையை ஈட்டி மாதிரி நீட்டிச் சுட்டி, “பச்சை, சரி!” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கை சுட்டி வாய் சொன்னால்தான் மூளை தூங்காது. நாகுமோ சோம்பலாக மணிக்கட்டைக்கூடத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் ஆட்டுவார். ‘உடோன் விரல்’ என்று அறிக்கையில் எழுதினார் இசோபே, வெந்த உடோன் சேமியா மாதிரித் தொங்குகிறதாம். அந்தப் பெயர் பணிமனை முழுக்கப் பரவி, நாகுமோவின் கல்யாண விருந்தில்கூட யாரோ ஒரு கிண்ணம் உடோனை அவர் முன் வைத்துக் கும்பிட்டார்கள்.

இருந்தாலும் இசோபே காரைக் கொண்டு வந்து நிறுத்தியபோது நாகுமோ மறுக்கவில்லை. முன் சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க், அதை இருபுறமும் கவ்வும் நாலு பிஸ்டன் கேலிப்பர், பின் சக்கரங்களில் கிழட்டு டிரம்மைக் கழற்றிவிட்டு அங்கேயும் டிஸ்க், பிரேக் எண்ணெய்க்கு எஃகு வலை போர்த்திய குழாய். நாலு வாரம் அந்தக் கொட்டகையில் நடந்த வேலையைப் பார்த்தால் கப்பல் கட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் திருகைத் திறக்க வேண்டும். மிதிக்கும் வேலை ஹருயேவுக்கு. “அமுக்குங்க அண்ணி.” “அமுக்கிட்டேன்.” “பிடிச்சிக்குங்க.” “பிடிச்சிருக்கேன்.” அவள் வலது கால் அந்த ஒரு மாதத்தில் தேக்கு மரமாகிவிட்டது.

பெரிய பிரேக்கை மாட்டினால் மட்டும் போதாது, முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்க வேண்டும் என்றார் நாகுமோ. பிரேக் பிடிக்கையில் காரின் பாரம் முழுக்க முன்னால் சாயும், பின்பக்கம் தக்கை மாதிரி ஆகிவிடும். பின் சக்கரம் முதலில் இறுகினால் வால் தலையை முந்தப் பார்க்கும். முன் சக்கரம் ரொம்ப முந்தி இறுகினால் ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் கார் கேட்காது. பங்கைக் கூட்டிக் குறைக்க ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் வைத்தார். ஆற்றங்கரை மைதானத்தில் மணிக்கு அறுபதில் போய் மிதிப்பதும், டயர் தேய்ந்த கோட்டை முழங்காலில் நின்று பார்ப்பதும், குமிழை அரைச் சுற்று திருப்புவதுமாக ஒரு முழு நாள் போயிற்று. கடைசியில் நாலு சக்கரமும் அண்ணன் தம்பி போல வந்தன. முன்னது ஒரு கணம் முந்தி, பின்னது ஒரு கணம் பிந்தி. கார் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. பன்னிரண்டு முறை மிதித்தார் இசோபே, பன்னிரண்டு முறையும் நேர். தையற்காரன் வந்தால் அந்தத் தடத்தை வைத்துத் துணி வெட்டலாம்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு. மலையிலிருந்து இறங்கும் வறட்டுக் காற்று காதை அறுத்தது. காலை ஓட்டத்தில் நூறாவது மீட்டரில் மிதித்தார் இசோபே. கார் இடப்பக்கம் பாய்ந்தது. இரண்டு சக்கரம் புல்லை வழித்துக்கொண்டு போய், எப்படியோ இழுத்துப் பிடித்துத் திரும்பினார். மணலுக்கு ஒரு முழம்தான் பாக்கி. முராய் அம்மா விசிலை உதட்டுவரை கொண்டுபோய்த் திரும்பக் கீழே விட்டதை அவர் பார்த்தார்.

மத்தியானம் ஏழு சுற்று கொண்ட ஒரே ஓர் ஓட்டம்தான் மிச்சம். இசோபே காரைக் கொண்டுவந்து நிறுத்துமிடத்து வெள்ளைக் கோட்டில் ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாமல் நிறுத்தினார். இறங்கவில்லை. தன் பழைய வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் போகிற பக்கம் வண்டி வராது போலிருக்கிறது என்று யாருக்கோ சொல்வது போல முணுமுணுத்தார். நாகுமோ அதற்குள் காரைத் தூக்கி இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். ஒவ்வொரு திருகையும் விரலால் சுட்டி, “இறுக்கம், சரி. ஒழுகல் இல்ல, சரி,” என்று தானும் சொல்லிக்கொண்டேதான் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கேலிப்பரையே பிரித்துவிடலாமா, இல்லை மிதிக்கிற ஆளிடம்தான் கோளாறா என்று கேட்டார்.

பலகைக்கு அருகே வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்த ஹருயே, வழியில் வாங்கிய சுட்ட மான்ஜூ பணியாரத்தின் இனிப்பு மிசோ குழம்பை விரலிலிருந்து வழித்தபடியே சொன்னாள்:

“அவரைக் குத்தம் சொல்லாதீங்க நாகுமோ. பலகை வந்ததும் வழக்கம் போலக் கையை நீட்டி ‘நூறு, சரி’ன்னு சொல்லிட்டுத்தான் மிதிக்கிறாரு. ஒரு தடவைகூட மறக்கல.”

நாகுமோவின் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

“கையை நீட்டியா? எந்தக் கைய அண்ணி?”

“வலது கைதான். வீட்டுல கேஸ் அடுப்ப மூடும்போதும் அதே கைதானே.”

அவள் பல மாதமாகப் பார்த்திருக்கிறாள். சொல்லத் தோன்றவில்லை. அந்த வீட்டில் குழாய், கதவு, குளியல்தொட்டித் தண்ணீர் எல்லாமே சுட்டப்பட்டுச் ‘சரி’ சொல்லப்பட்ட பிறகுதான் உலகம் நகரும். பூனை வெளியே போனால்கூட அதையும் சுட்டி, “பூனை, புறப்பாடு, சரி,” என்பார். யாராவது கை நீட்டாமல் இருந்தால்தான் அவளுக்கு வினோதமாகத் தெரிந்திருக்கும். ஆற்றங்கரை மைதானத்தில் பலகை இல்லை, அதனால் விரலும் இல்லை. அதனால்தான் அங்கே கார் நேராக நின்றது.

நாகுமோ சக்கரத்தை மாட்டிக் காரை இறக்கினார். “அண்ணே, கையுறையப் போடுங்க. இப்ப நூறு வருதுன்னு நெனச்சிக்குங்க. வழக்கமா செய்யறத அப்படியே செய்யுங்க,” என்றார். இசோபே செய்தார். வலது கை ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணாடியை இடிக்கிற அளவு நீண்டது. முழு உடம்பும் அந்தக் கையோடு முன்னே சாய்ந்தது. சாய்ந்த பாரம் முழுவதும் இடது கையில் விழ, அந்தக் கை ஸ்டீயரிங்கை ஒரு சாண் இடப்பக்கம் இழுத்தது. நிற்கிற காரிலேயே முன் சக்கரங்கள் ‘கிரீச்’ என்று இடப்பக்கம் திரும்பின. இசோபே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அதை எட்டிப் பார்த்தார்.

நாலு பிஸ்டன், எஃகுக் குழாய், ஒரு மாத உழைப்பு; இத்தனையும் ஸ்டீயரிங் இல்லாத ரயிலின் பழக்கத்திடம் தோற்றிருக்கிறது.

கையை நீட்டாமலே ஓட்டிப் பார்க்கட்டும் என்றாள் ஹருயே. கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் இசோபே. பலகை வந்தது, போனது, கால் அசையவே இல்லை. விரல் சொல்லாமல் அந்தக் காலுக்கு முப்பத்தெட்டு வருடமாக எதுவும் தெரியாது. உடைந்துபோய் நாகுமோவைப் பார்த்தார்.

நாகுமோ தரையைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார்.

“ஒரு வழி இருக்குண்ணே. சொன்னா கோவப்படுவீங்க.”

“சொல்லுய்யா.”

“கையை எடுக்காதீங்க. ஸ்டீயரிங்க பிடிச்ச பிடியிலேயே ஒத்த விரல மட்டும் தூக்குங்க.” அவர் தன் விரலைத் தூக்கிக் காட்டினார். முப்பது வருடம் கழித்தும் அது அப்படியே தொங்கியது. “இதுக்கு ஒரு பேரு வெச்சாங்க ஒருத்தர். அது ஞாபகம் இருக்கும் உங்களுக்கு.”

இசோபேயின் காது உமேபோஷி நிறத்துக்கு வந்தது. “ரொம்பச் சோம்பேறித்தனமா இருக்கே நாகுமோ,” என்றார். பழைய அதிகாரியின் குரல் இல்லை அதில்.

“சோம்பேறித்தனந்தான். ஆனா வண்டி நேராப் போகும்.”

சாப்பாட்டு வேளை முழுக்க இசோபே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து உடோன் விரல் பழகினார். முதலில் நாலு விரலும் சேர்ந்து எழுந்தன. பிறகு மணிக்கட்டு எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கு வெளியே நின்ற நாகுமோ ஒரே வார்த்தை சொன்னார்: “விறைப்பு.” அதே வார்த்தையை இசோபே முப்பது வருடத்துக்கு முன் பயிற்சியில் ஒருமுறைகூட அவரிடம் சொன்னதில்லை; ‘தளர்வு, தளர்வு’ என்றேதான் சொன்னார். நாற்பதாவது முறை விரல் சரியாக வெந்தது.

மத்தியான ஓட்டம். முராய் அம்மா முதல் வளைவுக்கே வந்து நின்றுகொண்டார். உமேபோஷி நேர்ப்பாதையில் பிளிறிக்கொண்டு வந்தது. நூற்றைம்பது. இசோபேயின் வலது கை விட்டுவிடு விட்டுவிடு என்று கெஞ்சியது. அவர் விடவில்லை. நூறு. ஆள்காட்டி விரல் ஓர் அங்குலம் எழுந்தது. “நூறு, சரி,” என்றது வாய். கால் மிதித்தது. நாலு சக்கரமும் சேர்ந்து தரையைக் கவ்வின, மூக்கு நேராகத் தாழ்ந்தது. புல்லும் மணலும் இடப்பக்கம் தம்பாட்டில் கிடந்தன. அவர் வலப்பக்கம் திருப்பினார்.

வண்டி வந்தது. அவர் போன பக்கம்.

அதே வளைவை இன்னும் ஆறு முறை எடுத்தார். ஏழாவது சுற்று முடிந்து முடிவுக் கொடி காட்டியும் இன்னொன்று போய்விட்டு வந்தார். அதற்குத்தான் முராய் அம்மா அன்றைக்கு முதல் முறையாக விசில் ஊதினார்.

கார் கோட்டில் நின்றதும் நாகுமோ குனிந்து டிஸ்க்கின் சூட்டைப் பார்க்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார். இசோபே இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றினார். குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, வெள்ளைக் கையுறை போட்ட கையைத் தோள்பட்டையிலிருந்து ஈட்டியாக நீட்டி, குனிந்திருந்த அந்த நரைத்த தலையைச் சுட்டினார்.

“நாகுமோ, சரி.”

நாகுமோ நிமிரவில்லை. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு விரல் மட்டும் சோம்பலாக எழுந்து ஆடியது.

“கையை இறக்குங்க, மான்ஜூ ஆறுது,” என்றாள் ஹருயே.