இடது கதவு

“தம்பி, எரிக்கறதுக்கு எதுனா கீதா?” என்று மேளக்காரர் கேட்டபோது, கேசவன் ஷாமியானாவின் ஒரு கம்பத்தைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பந்தல்காரன் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை அவனால் நகர முடியாது. மேளக்காரர் கையிலிருந்த பறையின் தோல் தளர்ந்திருந்தது. தீயில் காய்ச்சினால்தான் அதில் சத்தம் எழும்.

“வைக்கோல் இல்லீங்களா?”

“இப்ப எவன் மாடு வெச்சிகினு கீறான் தம்பி. அட்ட, பேப்பரு, எதுனா போதும்.”

“ஷெட்டுல அட்டை நெறைய கெடக்கும். எடுத்துக்கங்க.”

சொல்லும்போது ஷெட்டின் பக்கம் அவன் திரும்பவில்லை. நேற்று மதியத்திலிருந்தே அந்தப் பக்கம் கண் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேதான் அவன் அப்பா தனகோடி உட்கார்ந்தபடியே போய்விட்டார். கத்திரி வெயில், தலைக்கு மேலே தகரக் கூரை, மடியில் ஒரு அட்டை, கையில் கத்தரிக்கோல். மோர் கொண்டுபோன அம்மா கன்னியம்மா, தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். இப்போது அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். திருக்கழுக்குன்றம் ரோட்டில் நாற்பது வருஷம் இரும்பு கேட்டும் கிரில்லும் வெல்டிங் செய்த மனிதர். காலம் பூராவும் நெருப்புப் பொறியில் நின்றவரைக் கடைசியில் ஐஸில் வைத்திருந்தார்கள்.

ஷெட்டில் நின்ற வண்டி கேசவனுடைய ஆசை. அறுபத்தைந்து மாடல் ஜீப் பிக்கப். படாளத்தில் ஒரு நெல் வியாபாரியின் முள்வேலிக்குள் கிடந்ததை அவன்தான் கண்டுபிடித்து இழுத்துவந்தான். என்ஜினை ஒரு மெக்கானிக் உயிர்ப்பித்துவிட்டார். மிச்சமிருந்தது உடம்பு. தரை, மட்கார்டு, கதவு என்று துரு தின்னாத இடம் கொஞ்சம்தான். அங்கே ஆரம்பித்தது வினை. அப்பனுக்கும் பிள்ளைக்கும் சண்டை என்றால் சொத்துக்கு இருக்கும், கல்யாணத்துக்கு இருக்கும். இந்த வீட்டில் தகட்டுக்குச் சண்டை.

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கேசவனுக்கு எதுவும் போனில் இரண்டு தட்டு தட்டினால் வந்துவிட வேண்டும். பஞ்சாபில் இந்த வண்டிக்கு முழு உடம்பும் புதிதாகவே அடித்து விற்கிறார்கள். தனகோடிக்கோ, கையில் தகடு இருக்கும்போது கடைக்குப் போவது மானக்கேடு. மட்கார்டை அவரே அடித்தார். தரையை அவரே போட்டார். கதவு என்று வந்தபோது போனிலேயே முட்டிக்கொண்டார்கள்.

“ரெடிமேட் கதவு இதுல ஒக்காராதுடா.”

“ஏன் ஒக்காராது? அதே மாடலு, அதே வருஷம்பா.”

“வந்து பாரு, தெரியும்.”

வந்து பார்க்க ஒரு மணி நேர வழி. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவன், அப்புறம் வரவே இல்லை. வீம்பு பிடித்த கிழவர் என்று நினைத்து, மாசி மாதம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு கதவுக்கும் ஆர்டர் போட்டான். ஆள் உயர அட்டைப்பெட்டி ஒன்று அவன் தங்கியிருந்த அடுக்குமாடிக்கு வந்து இறங்கியது. பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே சாய்த்து வைத்தான். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த ஞாயிறு அப்பா போனில், “கதவோட மேல் வளைவு வந்துட்ச்சிடா, இன்னும் கீழ்ப்பக்கம்தான்” என்று சின்னப் பிள்ளை மாதிரி பேசினார். அதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வது? அதற்கடுத்த வாரம் இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்படியே மூன்று மாதம் ஓடியது. பெட்டிக்குள் இருந்த கதவுக்கு அப்பா வெயிலில் உட்கார்ந்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். அதைத் தெரிந்தே இவன் விட்டுவிட்டான். இதுதான் நேற்றிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்த விஷயம். சொல்லியிருந்தால் மனிதர் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்திருப்பார். உயிரோடு இருந்திருப்பார்.

கடைசியாகப் பேசியது போன ஞாயிறு.

“இன்னிக்கி வந்தியானா நீ ஒரு பக்கம் புடிச்சிக்கலாம். ஒண்டி ஆளா அட்டைய வெச்சி வரைய முடியல. நழுவுது.”

“ஆபீஸ்ல வேலைப்பா. அடுத்த வாரம் வரேன்.”

“இன்னா காத்து இப்டி அடிக்குது? எங்க கீற?”

“மொட்டை மாடியில நிக்கறேன்.”

நின்றது மாமல்லபுரம் கடற்கரையில். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடுகிற கூட்டம். எல்லாரும் அவரவர் வண்டியைத் துடைத்துத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேசவனும் தன் வண்டி அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

புகை வாசம் வந்தது. பந்தலுக்கு வெளியே மூன்று பறைகள் தீயைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தன. தீயில் ஒரு அட்டை சுருண்டு எழுந்தபோது, அதன்மேல் நீலப் பென்சில் எழுத்து தெரிந்தது. எடது கதவு உள். அப்பாவின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எடது கதவு கீழ். ஓரங்கள் எல்லாம் வளைவு வளைவாக, பழம் நறுக்குவது போல் நுணுக்கமாக வெட்டப்பட்டிருந்தன.

கேசவன் கம்பத்தை விட்டுவிட்டு ஓடினான். ஷாமியானா ஒரு பக்கம் சரிந்து நாற்காலியில் இருந்த நாலு பேர் தலையில் விழுந்தது. வெறும் காலோடு தீயை மிதித்தான். பாதி எரிந்த அட்டை ஒன்றுதான் கையில் மிஞ்சியது.

“அப்பன் மேல உசுர வெச்சிருந்தான் புள்ள,” என்று ஒரு பொம்பளை மூக்கைச் சிந்தினாள். “பாரேன், அவர் தொட்ட பொருளக்கூட உடமாட்டேங்கறான்.”

அந்தப் பேச்சு அவனுக்குத் தீயைவிட அதிகமாகச் சுட்டது.

ஏசுபாதம் வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீடு, அப்பாவுக்கு நாற்பது வருஷ சிநேகிதர்.

“அது பேட்டர்னுடா. அத வெச்சி வரைஞ்சிதான் தகடு வெட்டணும். வெட்டுவாரு, வெச்சிப் பாப்பாரு, சரியில்லன்னு தூக்கிப் போட்டு மறுபடி வெட்டுவாரு. மூணு மாச வேல. எவன் எடுத்துக் குடுத்தது?”

மேளக்காரர் எழுந்து நின்றார். “தெரியாம பண்ட்டேங்க.”

“அவரில்ல மாமா,” என்றான் கேசவன். “நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்.”

ஏசுபாதம் அவனையே பார்த்தார். “ஒனக்குத் தெரியாதா அது இன்னான்னு?”

ஷெட்டுக்கு நாலு ஞாயிறு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு மேளம் நன்றாகவே பேசியது. வாய்க்கரிசி போடும்போது, அப்பா, கதவு வாங்கிட்டேம்பா என்ற சொல் வாய்வரை வந்தது. சுற்றி அத்தனை பேர். அரிசியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தான். குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்து, பின்பக்கமாக உடைத்தான். குழியில் மண் தள்ளும்போது ஏசுபாதம் மட்டும் வாய்விட்டு அழுதார்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்ததும், கேசவன் ஒரு லோடு ஆட்டோ பேசி நாவலூர் போனான். அந்தப் பெட்டி பால்கனியில் இருக்கிறவரை தனக்குத் தூக்கம் வராது என்று பட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு அதை ஷெட்டு வாசலில் இறக்கினான். சத்தம் கேட்டு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள்.

“இன்னாடா இது?”

“கதவும்மா. வண்டிக்கு.”

“எப்ப வாங்குன?”

“மாசியில.”

மாசி, பங்குனி, சித்திரை என்று அம்மாவின் விரல் முந்தானை ஓரத்தில் நகர்ந்தது.

“அவுருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெனமும் வெயில்ல குந்திகினு இருந்தாருடா. சோறு துன்ன கூப்ட்டா, இந்த ஒரு கோடு, இந்த ஒரு கோடும்பாரு. வூட்டுக்குள்ள வா, அப்பறம் பண்ணிக்கலாம்னு நான் கத்தாத நாளில்ல.” அவள் குரல் உயரவே இல்லை. “ஒரு போனு போட்டு சொல்லிருக்கலாம் இல்ல நீ.”

“சொல்லியிருக்கலாம்மா.”

அவள் ஆறுதல் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தாள். அப்பா உட்காருகிற டப்பா அது.

“மாட்டு,” என்றாள்.

“இப்பவாம்மா?”

“மாட்டிக் காட்டு. நானும் பாக்கறேன்.”

கேசவன் பெட்டியைப் பிரித்தான். வலது கதவைத் தூக்கிக் கீலில் இறக்கினான். பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததுபோல் போய் உட்கார்ந்து, டக்கென்று சாத்திக்கொண்டது. ஒரு நூல் பிசகில்லை. அவனுக்குக் கோபம்தான் வந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு, இந்த வீம்பு இல்லாவிட்டால் மனிதர் இருந்திருப்பாரே என்று செத்துப்போனவர்மேல் கோபம். அந்தக் கோபத்தோடுதான் இடது கதவைத் தூக்கினான்.

மேலே சரியாக இருந்தது. கீல் சரியாக இருந்தது. சாத்தினான். அடியில் நாலு அங்குலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

திறந்து மறுபடி சாத்தினான். அதே இடைவெளி. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தான். பொங்கலுக்கு அவன் பார்த்த தரை அல்ல அது. இடது பக்கம் மட்டும், சேஸிஸ் சட்டத்துக்கு வெளியே நீட்டிய தகட்டை வெட்டி எடுத்து, நாலு அங்குலம் கீழே இறக்கி, டவுன் பஸ் படி மாதிரி ஒரு பள்ளம் போட்டிருந்தார். வெல்டிங் தையல் போல ஒரே சீராக ஓடியிருந்தது. அதற்குத் தகுந்தாற்போல் கதவும் கீழே நீள வேண்டும். எந்தக் கடையிலும் அந்தக் கதவு கிடைக்காது.

“எதுக்கும்மா இந்தப் பக்கம் மட்டும் எறக்கியிருக்காரு?”

“எனக்கின்னா தெரியும்.”

தீயிலிருந்து எடுத்த அட்டை நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் ஓடிப்போய் எடுத்துவந்தான். கதவு அளவுகளுக்கு நடுவே அதில் ஒரு பாதம் வரைந்திருந்தது. சும்மா கிறுக்கியிருப்பார் என்று நினைத்திருந்தான். குதிகால் பக்கம் கருகிப்போயிருந்தது. விரல் பக்கத்தைப் பள்ளத்துக்குள் வைத்தான். சுற்றிலும் ஒரு விரல் இடம் விட்டு அச்சாகப் பொருந்தியது.

கன்னியம்மா டப்பாவிலிருந்து எழுந்துவந்து பார்த்தாள்.

“அது என் காலுடா,” என்றாள். “ஒரு நா சாயங்காலம் இங்க இட்டாந்து, அட்ட மேல நிக்க வெச்சி வரைஞ்சாரு. செருப்பு கிருப்பு தெக்கப் போறியான்னு கேட்டேன். சிரிச்சாரு, சொல்லல. சதுரங்கப்பட்டினத்துல வசந்தா வூட்டுக்கு வண்டியில இட்டுகினு போறேன்னு சொல்லிகினே இருப்பாரு. அந்த ஒசரத்துல நான் எங்க ஏறுவேன், ஆள வுடுன்னு சொல்லிட்டேன்.”

பஸ்ஸில் ஏற வேண்டுமென்றால் வலது முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துக் காலைத் தூக்கிவைப்பாள் அவள். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதுவான். அதனாலேயே தங்கச்சி வசந்தா வீட்டுக்குப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. கேசவன் இடது கதவைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். அம்மா வண்டி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் ஒரு காலை வைத்தாள். முழங்காலுக்குக் கை கொடுக்கவில்லை. அடுத்த காலைத் தூக்கி உள்ளே வைத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபிறகுதான் தான் ஏறிவிட்டதே அவளுக்குத் தெரிந்தது. அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கேசவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று நாளாக, கதவு வாங்கியதுதான் தன் பாவம் என்று நினைத்திருந்தான். அது ஒன்றுமே இல்லை. வாங்கிய கதவை அன்றைக்கே கொண்டுவந்திருந்தாலும் இது ஒக்காராதுடா என்று சிரித்துவிட்டு, அவர் தன் அட்டையை எடுத்திருப்பார். வந்து பாரு என்றார் மனிதர். வந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் பிடித்திருக்கலாம். பேட்டர்ன் சித்திரைக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடிந்திருக்கும். அந்த அட்டைகளையும் அவனே எடுத்துத் தீக்குக் கொடுத்தான். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அம்மா இறங்கவில்லை. முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேசவன் எழுந்தான். அப்பாவின் கத்தரிக்கோலும் நீலப் பென்சிலும் விழுந்த இடத்திலேயே கிடந்தன. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். பஞ்சாபிலிருந்து வந்த பெட்டியைத் தரையில் விரித்து, அகலமான பக்கத்தை வெட்டி எடுத்தான். அதன்மேல் அவன் பெயரும் நாவலூர் விலாசமும் பெரிதாக ஒட்டியிருந்தன. அட்டையைத் தூக்கி இடது வாசலில் வைத்து, மேல் ஓரத்தை ஒரு கையால் பிடித்தான். மறு கையால் காதிலிருந்த நீலப் பென்சிலை எடுப்பதற்குள் கீழ்ப்பக்கம் நழுவியது. மறுபடி வைத்தான். மறுபடி நழுவியது.

மூன்றாவது தடவை வைத்தபோது நழுவவில்லை. அட்டைக்கு அந்தப் பக்கம், வண்டிக்குள்ளிருந்து ஒரு கை அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

“வரை,” என்றாள் அம்மா.