முள்கரண்டித் தடம்

நாற்பத்தொரு மணி நேரமாக அவன் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கண் மருத்துவர் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இனிமே வண்டி ஓட்டாதீங்க" என்றார். வலது கண்ணின் நடுவில் விழுந்த மங்கல் இனிப் போகாதாம். இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம். ஊசி போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். கண்ணாடியை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்துப் போனவன், வெளியே வந்து வெறும் வேனை நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

பள்ளி வேன் ஓட்டுவது அவன் தொழில். அதில் பதினான்கு பிள்ளைகள். ஒருத்தி அவன் மகள். சனிக்கிழமை விடுமுறையால் தப்பித்தான். இன்று ஞாயிறு. நாளை காலை ஏழு மணிக்கு வேனை எடுக்க வேண்டும்.

"கோஸை இன்னும் பிழியுங்க. தண்ணி நின்னா மாவு கிழியும்" என்றாள் மனைவி.

உப்புப் போட்டு வைத்திருந்த முட்டைக்கோஸ் துருவலை அவன் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழிந்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ரொட்டி நாள். வெந்த உருளைக்கிழங்கை மசிப்பதும், கேரட் துருவுவதும், கோஸைப் பிழிவதும் அவன் பங்கு. சீரகம் தாளித்து, மஞ்சளும் மசாலாத்தூளும் போட்டுக் காய்கறிகளைச் சுருள வதக்குவது அவள் பங்கு. வதக்கியதை மூன்று கிண்ணங்களில் பிரிப்பாள். ஒன்றில் மிளகாயே கிடையாது, அது மகளுக்கு. ஒன்றில் அளவாக, அது அவர்கள் இருவருக்கும். மூன்றாவது, அவன் தம்பிக்கு. அதைக் கிளறும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

மாவு உருண்டையைக் கிண்ணம்போல் குழித்து, மசாலாவை வைத்து, ஓரங்களைச் சுருக்கி முறுக்கி மூடிவிட்டால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் தேய்த்து முடித்ததும் அவள் ஓரத்தில் முள்கரண்டியால் அழுத்தித் தடம் வைப்பாள். தடமில்லாதது மகளுக்கு. ஒரு தடம் அவர்களுக்கு. இரண்டு தடம் தம்பிக்கு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாமனாருக்குத் தம்பியின் ரொட்டி போய், அவர் ஒரு குடம் தண்ணீரைக் குடித்த பிறகு வந்த ஏற்பாடு இது. அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தப்பு நடந்ததில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை நடந்தது. அன்று டப்பாவுக்கும் ரொட்டிதான். காலையில் டப்பா கட்டியவன் அவன்தான்.

"அப்பா எனக்கு விஷம் வச்சாரு" என்று மகள் இரண்டு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "வேன்ல டப்பாவைத் திறந்து தின்னேன், எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்சாங்க. மூக்கு, கண்ணு, எல்லாத்துலயும் தண்ணி."

"தூக்கக் கலக்கம்மா" என்றான் அவன், இப்போதும்.

"ரெண்டு தடம் இருந்துச்சுப்பா. எட்ட இருந்து பாத்தாலே தெரியும்."

"விடு வாயாடி" என்றபடி தம்பி உள்ளே வந்தான். குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கைகளில் எண்ணெய்க் கறை இருக்காது. "உங்கப்பா என் வயித்துல அடிச்சாரு, அதைக் கேக்க ஆளில்ல. நான் அன்னைக்கு உன் ரொட்டியைத் தின்னேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு கெட்டுது போ. அண்ணி, எனக்குக் கல்லுல இருந்து நேரா கைக்கு வரணும்."

"கை வெந்தா என்னைச் சொல்லக் கூடாது" என்றாள் அண்ணி.

கல் காய்ந்துவிட்டது. அவள் முதல் ரொட்டியைப் போட்டாள். ஆடை ஆலையில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. நாள் முழுக்கத் துணியைப் புரட்டிப் புரட்டி, விட்டுப்போன தையலைத் தேடும் கண். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் சும்மா இருப்பதில்லை. அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் அவன் இரண்டு நாளாக அவளுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, காரமில்லாதது நிறைய போடு. நாளைக்கு வேன்ல எல்லாருக்கும் ஒண்ணு" என்றாள் மகள். "சிரிச்சாங்கல்ல? என் ரொட்டி எப்படி இருக்கும்னு காட்டணும்."

"பதினாலா? இப்பச் சொல்ற?"

"மாவுதான் இருக்கே. அப்பா தேய்ச்சுக் குடுப்பாரு. விஷம் வச்சதுக்குத் தண்டனை."

அவன் பலகையையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். தேய்ப்பதற்குக் கண் அவ்வளவு வேண்டாம். கட்டையின் கீழே மாவு நகர்வதும், மசாலா கட்டியாக நிற்கும் இடமும் கைக்கே தெரியும். கொஞ்ச நேரம் அது நிம்மதியாகக்கூட இருந்தது.

தட்டில் ரொட்டிகள் சேர்ந்தன. "அண்ணே, என்னுது ஒண்ணு எடுங்க" என்றான் தம்பி. அவன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலை ஒவ்வொரு ஓரமாக ஓட்டினான். தடமில்லை. ஒன்று. இதோ இரண்டு. எடுத்து நீட்டினான். இப்படித் தடவித்தான் இரண்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை அவசரத்தில் விரல் தப்பிவிட்டது.

ஆனால் இன்று விரலில் ஒன்று உறைத்தது. தடங்கள் ஆழமாக இருந்தன. ஒரு பல் மாவைத் துளைத்தே போயிருந்தது. கல்லில் கிடந்த ரொட்டியிலும் அப்படித்தான் போலிருக்கிறது. மசாலா வெளியே கசிந்து தீய்ந்து வாசனை வந்தது.

"ஏன் இப்படி அழுத்துற? உள்ள இருக்கிறது வெளிய வருது" என்றான்.

அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"லேசா வச்சா உங்க விரலுக்குத் தெரிய மாட்டேங்குதே."

அவன் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா அழுத்திட்டுதான் வரேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு வாய் வெந்ததும், இன்னைக்குக் கேட்டுடணும்னு நினைச்சேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "கண்ணாடி போட வெக்கமா? யாரு மாப்பிள்ளை பாக்க வரப் போறாங்க உங்களை? நாளைக்குப் பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு, அப்படியே போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க."

"கண்ணாடி போட்டா அண்ணன் வாத்தியார் மாதிரி இருப்பாரு" என்றான் தம்பி, வாய் நிறைய ரொட்டியோடு.

எல்லாம் எவ்வளவு சுலபமாகிவிட்டது! தலையை ஆட்டினால் போதும். நாளை ஒரு நாள். நாளை ஒரே ஒரு நாள் மெதுவாக ஓட்டிவிட்டு, மாலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம். வேன் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் அதற்குள் யோசித்து வைக்கலாம். அவன் தலையை ஆட்டியே விட்டான்.

மகள் சூடு ஆறிய ரொட்டிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது சோடாபுட்டிக்கு. இது தூங்குமூஞ்சிக்கு. இந்தச் சின்னது குட்டிக்கு. இறங்கின உடனே வேனுக்கு முன்னாடி குறுக்க ஓடுவாளேப்பா, அவளுக்கு." நிமிர்ந்தவள் சிரித்தாள். "ஏன்பா கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுப் பாக்குற? நேரா பாரு."

அவன் நேராகப் பார்த்தான். இரண்டு சடைகள் தெரிந்தன. காது தெரிந்தது. கையில் காகிதப் பொட்டலம் தெரிந்தது. நடுவில், சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில், ஈரக்கையால் துடைத்த கண்ணாடிபோல ஒரு மங்கல்.

கட்டையை ஓரமாக வைத்தான். மாவுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மனைவி அடுப்பைத் தணித்தாள்.

"நான் போய்க் காட்டிட்டேன்" என்றான். "வெள்ளிக்கிழமையே."

கல்லில் கசிந்த மசாலா சடசடத்தது.

"கண்ணாடியால ஆகிறது இல்லம்மா இது. நாளைக்கு நான் வேனை எடுக்க மாட்டேன். இனிமே எடுக்கவே கூடாது. நேரா எதிர்ல நிக்கிற பிள்ளை எனக்குத் தெரியல."