தண்ணீரில் கரையாத பை

கலாநிதி லியோன் தன்னிடம் வரும் ஆய்வறிக்கைகளை வாசிப்பதில்லை. முதற்பக்கத்தில் தன் பெயர் முதலாவதாக இருக்கிறதா என்று பார்ப்பார்; இருந்தால் கையெழுத்துப் போடுவார். கண்டி நகருக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுகூடத்துக்கு அவர் பணிப்பாளராகி ஆறு வருடங்கள். அதற்குள் அவர் ஒரு சோதனைக் குழாயைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை.

சுகிர்தா அங்கே இரசாயன ஆய்வாளர். புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவள். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் ஒவ்வொரு கன்றும் ஒரு பொலித்தீன் பையில் நிற்கும். நடும்போது பையைக் கிழித்து வீசுவார்கள். கிழிக்கிற அவசரத்தில் வேரும் அறும். மலை முழுக்க அந்தக் கிழிசல்கள்தான். மூன்று வருடம் உழைத்து அவள் வேறொரு பை செய்திருந்தாள். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் ஒரு பூட்டு. மழையும் வெயிலும் அதைத் திறக்காது. காயம் கழுவும் பெரொக்சைட்டில் தண்ணீர் கலந்து தெளித்தால் மட்டும் பூட்டுக் கழன்று, சங்கிலி கண்ணி கண்ணியாக உதிர்ந்துவிடும். ஐந்து நிமிடம் போதும்.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. சுகிர்தா லியோனிடம் விளக்கப் போனாள்.

"சேர், இது எப்படி உடையுதுன்னா..."

"கரையிற பை. அவ்வளவுதானே? எனக்கே பாடம் எடுக்கப் போறியா?" என்றார். "நான் பேசுறேன். நீ பின்னால நின்னு சாமான எடுத்துக் குடு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு மனிதர் வேண்டும். அங்கே ஒரு கோட்டும் ஒரு கழுத்துப்பட்டியும்தான் தெரிந்தன.

அதிகாரிகள் வந்த அன்று அந்தோனியம்மாவும் கன்றுகளோடு பஸ்ஸில் வந்திருந்தாள். ஒன்பது மாதம் இந்தப் பைகளில் கன்று வளர்த்துப் பார்த்த தவறணைத் தொழிலாளி அவள். லியோன் அவளைக் கடைசிக் கதிரைக்கு அனுப்பினார்.

பிறகு பூமித்தாயைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்து, ஒரு கன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஜக்கிலிருந்த தண்ணீரைப் பையின்மேல் ஊற்றினார்.

"இப்ப பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். பை கழுவித் துடைத்தது போல மின்னியது. இன்னொரு ஜக் ஊற்றினார். சுடுதண்ணீர் கேட்டார். தண்ணீர் மேசையிலிருந்து வழிந்து அவருடைய சப்பாத்தை நனைத்தது. பெரொக்சைட் போத்தல் சுகிர்தாவின் கையருகே இருந்தது. அவள் அசையவில்லை.

"எதுல கரையும், டொக்டர்?" என்று கேட்டார் மூத்த அதிகாரி ஸனா.

"தண்ணிலதான் மேடம். இன்னைக்கு இந்தத் தண்ணி சரியில்ல."

கடைசிக் கதிரையில் அந்தோனியம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"தண்ணிக்குக் கரையிற பைன்னா எங்க ஊரு மழைக்கு மொத நாளே போயிருக்குமேங்க! ஒம்பது மாசம் நாந்தானே தண்ணி ஊத்துனேன்."

எழுந்து வந்தாள். யாரிடமும் கேட்காமல் போத்தலை எடுத்துத் தெளித்தாள். பை மங்கியது, சுருங்கியது, கூழாகி வழிந்தது. ஒரு வேரும் அறாமல் மண்ணுருண்டை அப்படியே நின்றது.

"இதச் செஞ்சது யாரு?" என்றார் ஸனா.

"எங்க குழு, மேடம்."

"அப்ப ஏன் இவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?"

லியோன் சுகிர்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் வந்து காப்பாற்றுவாள் என்று உண்மையாகவே எதிர்பார்த்தார்.

"மூணாம் பக்கத்துல இருக்கு, சேர்," என்றாள் சுகிர்தா. "நீங்க கையெழுத்துப் போட்ட அறிக்கைதான்."

அடுத்த மாதம் மூன்று தோட்டங்களில் பரிசோதனை நடத்த அனுமதி வந்தது, பொறுப்பு சுகிர்தாவுக்கு. அந்தோனியம்மாவைப் பயிற்சி கொடுப்பவளாக அவள் சேர்த்துக்கொண்டாள். லியோன் இன்னும் பணிப்பாளர்தான். அவர் எதிரில் வந்தால் வணக்கம் சொல்வதைச் சுகிர்தா நிறுத்திவிட்டாள். ஏனென்று கேட்கும் துணிவு அவருக்கு வரவில்லை.