சத்தம் இல்லாத பாட்டு

ஐந்து மணிக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அதற்குள் லிஃப்ட் மெக்கானிக் சட்டையை இரண்டு முறை மாற்றிவிட்டான். திரையில் தெரியப்போவது தலையும் தோளும் மட்டும்தான், அதற்கு எதற்கு இவ்வளவு அமர்க்களம் என்று அக்கா கேட்கவில்லை. அவளே அவன் நாற்காலிக்குப் பின்னால் தெரியும் சுவரை இரண்டாவது முறை துடைத்துக்கொண்டிருந்தாள்.

விவாகரத்துக்குப் பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டவனுக்கு நீதிமன்றம் அளந்து கொடுத்தது சனிக்கிழமை ஐந்திலிருந்து ஐந்தரை வரை, ஏழு வயது மகளோடு வீடியோவில் பேச்சு. ஒரு பெண் அதிகாரியும் அழைப்பில் கூடவே இருந்து குறிப்பு எழுதுவார். பதிவு செய்த லேப்டாப், பதிவு செய்த வீட்டு இணைப்பு. போனில் பேசினால் செல்லாது. கடந்த மூன்று வாரமும் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே படம் உறைந்து, திரும்பக் கூப்பிட்டு, திரும்ப உறைந்து, கடைசியில் அறுந்தே போனது. அப்பனுக்கு அக்கறை இல்லை என்று எதிர்த்தரப்பு மனுப் போட்டுவிட்டது. இன்றும் மூன்று முறை அறுந்தால் இனி மாதத்துக்கு ஒரு தடவைதான் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

மனுஷன் சும்மா இருந்தானா என்றால் இல்லை. புது ரூட்டர் வாங்கி மாட்டினான். இணைப்புக் கம்பெனி ஆளை வரவழைத்தான். அந்த ஆள் செவ்வாய்க்கிழமை வந்து, எல்லாம் ஜோராக ஓடுகிறது என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். தினமும் வேலை முடிந்து ஆறு மணிக்கு அவனே சோதித்துப் பார்த்தான். அப்போதெல்லாம் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மட்டும் சனியன் பிடித்துக்கொண்டது.

"மாமா, பாட்டு?" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

அக்காவின் கணவருக்குக் கண்ணாடிக் கடை. மற்ற நாளில் வீடு திரும்ப எட்டு மணி ஆகும். சனிக்கிழமை அரை நாள்தான். வந்ததும் தன் கம்ப்யூட்டரிலிருந்து பழைய பாட்டுகளை மூன்று ஒயர் இல்லாத ஸ்பீக்கர்களில் ஓடவிடுவார். ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ரூம் மாறினால் பல்லவி விட்டுப்போகக் கூடாதாம்.

"எப்பவோ அடக்கியாச்சுப்பா. அஞ்சரை வரைக்கும் நான் மூச்சுகூட விட மாட்டேன், போதுமா?"

வாக்குத் தவறாதவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்துக்கு முன்பே வீடு கப்சிப் என்று ஆகிவிடும். அதனாலேயே யாருக்கும் அவர்மேல் சந்தேகம் வரவில்லை.

ஐந்து மணி. திரையில் குட்டியின் முகம் வந்தது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"அப்பா! பல்லு பாத்தீங்களா?"

"பாத்தேன்டா. எப்ப விழு..."

உறைந்தது. வாய் பாதி திறந்தபடி மகள் அப்படியே நின்றாள். ஒன்று.

திரும்பக் கூப்பிட்டான். வந்தாள், "அப்பா, நான் போன வாரம்" என்றாள், உறைந்தாள். இரண்டு.

மூன்றாவது முறை கூப்பிடப் போன விரலை இழுத்துக்கொண்டான். இது போனால் எல்லாம் போச்சு. எழுந்து ஹாலுக்கு ஓடினான்.

ரூட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் ஒரு டிவி ஓடவில்லை, யார் கையிலும் போன் இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று எல்லா வழியிலும் போய்க்கொண்டிருக்கிறது. அவன் தொழிலில் புது ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. காலி லிஃப்ட் என்றால் மோட்டாருக்கு ஓய்வு என்று நினைப்பார்கள். காலிப் பெட்டி இறங்கும்போதுதான் கம்பியின் மறுமுனையில் தொங்கும் எடையை மோட்டார் தூக்கியாக வேண்டும். ஆள் இல்லை என்பதற்காகப் பாரம் இல்லை என்று ஆகாது.

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். டிவி ஒயர்: விளக்குகள் அடங்கவில்லை. அடுத்தது உள்ளறைக்குப் போகிற ஒயர். பிடுங்கியதும் விளக்குகள் சாந்தமாகின.

உள்ளறைக்குள் பாய்ந்தான். மாமாவின் திரையில் பாட்டு நகர்ந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் பூஜ்ஜியத்தில் இருந்தது.

"மாமா, நிறுத்தலையா?"

"சத்தத்தைக் குறைச்சேனேப்பா. நிறுத்தினா மூணையும் மறுபடி சேர்க்க முடியல, போராட வேண்டியிருக்கு. அதான் எல்லாருக்கும் அனுப்புன்னு இருந்த கட்டத்துல ஒரு டிக் போட்டு..."

எல்லாருக்கும்! மூன்று ஸ்பீக்கருக்கு மட்டுமில்லை, டிவிக்கும், போன்களுக்கும், அவன் லேப்டாப்புக்கும் அந்தக் கம்ப்யூட்டர் பாட்டை விடாமல் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்காத பாட்டும் கேட்கிற பாட்டின் அளவுக்கே இடத்தை அடைத்தது. வைஃபை திணறியதில் என்ன ஆச்சரியம்? அவனுக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டிருப்பான். ஆனால் மாமாவின் முகம் வெளிறிவிட்டது.

"மூணு வாரமும் நானாப்பா?"

பதில் சொல்ல நேரமில்லை. மணி ஐந்து பதினெட்டு. ஓடி வந்து மூன்றாவது முறை கூப்பிட்டான்.

மகள் வந்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. மூன்றாவதும் போனது. படம் உறையவில்லை. பல் விழுந்த கதை முழுசாக வந்து சேர்ந்தது. ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

"போன வாரம்னு என்னமோ சொல்ல வந்தியேடா?"

குட்டி உதட்டைக் கடித்தாள். "சொல்ல வரல. போன வாரமே சொல்லிட்டேன். நீங்க ஆடாம அசையாம பாத்துட்டே இருந்தீங்க. பதிலே சொல்லல."

அவள் திரையிலும் அவன் உறைந்துதான் நின்றிருப்பான் என்பது மூன்று வாரத்தில் அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"அப்பாவுக்குக் கேக்கலடா. லைன் அறுந்துபோச்சு. என்ன கேட்டே?"

"லீவுக்கு நான் உங்க வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டேன்." குரல் இறங்கியது. "உங்களுக்கு நான் வேணாம்னு நினைச்சுட்டேன்."

அதிகாரியின் பேனா நின்றது.

"வாடா" என்றான். தலையை ஆட்டினான். அது போதாது என்று பயந்து, திரையில் நிற்பது வெறும் படம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்வரை, அவள் சிரிக்கும்வரை, ஆட்டிக்கொண்டே இருந்தான்.