மஞ்சள் துணி

பிரிஞ்சாங் மலைச் செடி ஆர்வலர் கழகத்துச் செயலாளர் புனிதாவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தேயிலைத் தோட்டத்து ஓரத்தில், ஒற்றை மரத்தடியில், இந்த மலைக்கே உரிய காட்டு ஆர்க்கிட் ஏழு செடிகள் இருந்தன. பூக்காத நேரத்தில் பார்த்தால் வெறும் புல். திங்கட்கிழமை அந்தப் பக்கம் களைக்கு மருந்து அடிக்கப் போகிறார்கள். தோட்ட மேனேஜருக்குப் போட்ட கடிதத்துக்குப் பதிலே இல்லை. ஆட்களிடம் விவரம் சொல்லவும் பயம்; சொன்னால் மறுநாளே செடி இரவுச் சந்தையில் விலைக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவளே போய் மரத்தில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். சாமி இருக்கிற இடத்தில் எவன் மருந்து அடிப்பான்?

திங்கள் மதியம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினாள். சுற்றிலும் மருந்து வாடை குப்பென்று அடித்தது. மரத்துக்குப் பத்தடி முன்னாலேயே ஈரம் நின்றுபோயிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

மருந்தடிக்கும் ஆண்டியப்பன் மரத்தடியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். இரண்டு கையிலும் மண்.

“வாங்கம்மா. சாமி கிட்ட மருந்து அடிக்க மனசு வரல. அதான் கையாலயே புடுங்கிட்டேன் லா. ஒரே புல்லு. ஒண்ணு விடாம வேரோட எடுத்தாச்சு.”

மரத்தடி வழித்துவிட்டதுபோல் இருந்தது.

“இப்பத்தான் சுத்தமா இருக்கு. கும்பிட்டுக்குங்கம்மா.”