பீச்சாங்கையால் சாப்பிட்ட படகுக்காரர்கள்

புதுச்சேரியில் சாரம் பக்கம் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவன் நான். 'அன்பளிப்பு: தாய்மாமன் கலியபெருமாள்' என்று குடத்தின் கழுத்தில் பொறிப்பதோடு என் கலை முடிந்துவிடும். கடைக்கு வரும் சூசான் மதாம் மட்டும் என்னை 'கிராவூர்' என்பார். பிரெஞ்சில் செதுக்குகிறவன் என்று அர்த்தமாம். திட்டுகிறாரோ என்று ஆறு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த மரியாதைதான் வினையானது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கோனர் டெவானி என்ற அயர்லாந்துக்காரரின் படங்களை மதாம் கண்காட்சி வைத்தார். செம்புத்தகட்டில் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் ஒற்றி எடுத்த படங்கள். ஒரு கிராவூர் வாழ்க்கையை இன்னொரு கிராவூர்தான் சபையில் தமிழில் வாசிக்க வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். கண்காட்சிக்கு முந்தின நாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன்.

மதாம் சொல்லச் சொல்ல எழுதினேன். கசாப்புக்காரர் மகன். பன்னிரண்டு வயதில் செம்பு வெட்டப் பழகி, ஆறு, மலை, இடிந்த கோட்டை என்று நாடு முழுக்க நடந்து வரைந்தவர். மதாமிடம் இருந்தது இரண்டு புத்தகம். இரண்டிலும் வேறு வேறு பிறந்த வருஷம். ஒன்றில் லண்டனில் சாகிறார், இன்னொன்றில் கடலில். எதை எழுதட்டும் என்று கேட்டேன். ரெண்டையும் எழுது, பெரிய ஆளுதானே என்றார்.

நடுவில் கப்பலேறிப் புதுச்சேரிக்கும் வந்திருக்கிறார். காய்ச்சல் என்று கரையில் இறங்க விடவில்லை. மூன்று வாரம் கப்பலிலிருந்தே ஊரை வரைந்து, நாடு திரும்பிச் செம்பில் வெட்டினார். அந்த ஒரு படம்தான் மதாமுக்கு உயிர். நடுவில் கொடிக்கம்பம், அதற்கு வலப்பக்கம் வளைவு வைத்த வீடு. அது தன் முப்பாட்டன் வீடு என்பது மதாம் கட்சி. வீடு இருந்த இடத்தில் இப்போது ஓட்டல்காரர்கள் கார் நிறுத்துகிறார்கள். அந்த வீட்டுக்கு வேறு படம் எதுவும் கிடையாது.

மதாமின் அண்ணன் ழான்-மரி ஒப்பவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. கடலிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் வடக்கு. நம் வீடு இருந்ததோ கம்பத்துக்குத் தெற்கே. ஆகவே இது யார் வீடோ என்றார். நாளைக்குச் சபையிலும் எழுந்து சொல்வாராம். மதாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

எனக்கு வடக்கும் தெரியாது, தெற்கும் தெரியாது. சங்கடத்தில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழோரத்தில் இரண்டு படகுக்காரர்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா மதாம், ரெண்டு பேரும் பீச்சாங்கையால சாப்பிடுறாங்க?"

"அதுக்கென்ன, நானுந்தான் சாப்பிடுறேன்" என்றார் ழான்-மரி.

"நீ முள்ளுக்கரண்டி புடிச்சி சாப்பிடுற அண்ணே. அவங்க பெசஞ்சி சாப்பிடுறாங்க" என்றார் மதாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தடவை கோயில் கமிட்டிக்குப் பித்தளை முத்திரை வெட்டிக் கொடுத்தேன். குத்திப் பார்த்தால் அம்மன் பெயர் அம்மனுக்கே புரியவில்லை. நேராக வெட்டினால் இடம்வலம் மாறித்தானே பதியும்! செம்புத்தகடும் அதே ஜாதி. டெவானி கண்ணில் கண்டதை அப்படியே வெட்டிவிட்டார். மறதியா, காய்ச்சல் மிச்சமா, யார் கண்டது? என் அளவுக்கு ஒருத்தர் அயர்லாந்திலும் இருந்திருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது.

சுவரில் தொங்கிய முகக்கண்ணாடியைக் கழற்றிப் படத்துக்கு எதிரே பிடித்தேன். படகுக்காரர்கள் சோற்றுக்கைக்கு மாறினார்கள். வீடு தெற்கே போய் உட்கார்ந்தது.

அப்போ அவரு ஊரு ஆறெல்லாம் திரும்பியா ஓடுது என்று மதாம் கேட்டார். மற்ற படங்களிலும் தேடினோம். அவற்றில் யாரும் சாப்பிடவில்லை, கண்டுபிடிக்க வழியில்லை. ழான்-மரி முகக்கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மறுநாள் கூடத்தில் படத்துக்கு நேர் எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி நின்றது. யார் கொண்டுவந்தது என்று மதாமுக்கே தெரியவில்லை. நான் வாசித்தேன். என் வாசிப்பில் டெவானி இரண்டு முறை செத்தார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வாசித்து முடித்ததும் ழான்-மரி எழுந்தார். மதாம் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ழான்-மரி நேரே கண்ணாடியிடம் போய் நின்றார். "படத்தப் பாக்காதீங்க. எல்லாரும் இங்க திரும்புங்க. தெக்கால தெரியுதே, அதான் எங்க வீடு."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. எது வலது, எது இடது, யார் எந்தப் பக்கம் என்று ஒரே குழப்பம்.

"கொஞ்சம் தள்ளி நில்லு அண்ணே" என்றார் மதாம். "வீட்ட மறைக்கிற."